கடலடி ஆழ்துளைகளில் நீரோட்டக் கண்காணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு புவித்தட்டு இன்னொன்றுக்கு அடியில் அமிழும் இடங்களில் கடல் தரையைத் துளைத்து, துளையை இறுக மூடி, உள்ளே நீர் எப்படி நகர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனிக்கிறார்கள். அந்த ஆய்வைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லாப் பதில்களும் ஒரே நீளத்தில் இருக்காது. கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்ற இடத்தில் அதிகம் நின்றிருக்கிறேன். இந்தத் துறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நிலநடுக்கத்தை ஆராய்பவர்கள் தண்ணீரை ஏன் கவனிக்கிறார்கள்?

பாறை பாறையை அழுத்துவதால் உராய்வு உண்டாகிறது. அந்த உராய்வுதான் இரண்டு தட்டுகளையும் நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் பாறையின் நுண்துளைகளில் நீர் நிறைந்திருக்கிறது. வெளியேற வழியில்லாமல் அடைபட்டுவிட்டால், மேலே இருக்கும் சுமையின் ஒரு பங்கை அந்த நீரே தாங்கத் தொடங்கும். பாறைக்கும் பாறைக்கும் இடையிலான பிடி அந்த அளவுக்குத் தளரும். வெந்நீரில் கழுவிய தம்ளரை ஈரமான மேசைமீது கவிழ்த்து வைத்தால் அது தானாகவே வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தம்ளரின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது; மேசைமீது இருக்கும் பிடி போய்விடுகிறது. இரண்டு தட்டுகளுக்கும் இடையிலுள்ள பிளவுக்குள் சிறைப்பட்ட நீர் செய்வதும் இதையேதான்.

பிரம்மாண்டமான பாறை அடுக்குகள் கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்து கிடப்பதற்கு நுண்துளை நீரழுத்தமே காரணமாக இருக்க முடியும் என்று அமெரிக்கப் புவியியலாளர்களான கிங் ஹப்பர்ட், வில்லியம் ரூபி ஆகிய இருவரும் 1959இல் விளக்கினார்கள். அதற்குக் கண்கூடான சான்று விரைவிலேயே கிடைத்தது. அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே இராணுவ இரசாயன ஆலை ஒன்றின் கழிவுநீரை 1962 முதல் சுமார் மூன்றரை கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் செலுத்தினார்கள். அதுவரை அமைதியாக இருந்த அந்தப் பகுதியில் நிலநடுக்கங்கள் தொடங்கின. மனிதன் தெரியாமல் செய்த அந்தக் காரியத்தைத் தட்டு அமிழும் மண்டலங்களில் இயற்கை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது.

அவ்வளவு ஆழத்தில் நீர் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகளில் வருகிறது. கடல் தரையின் மேல்மட்டச் சேற்றில் கன அளவில் பாதிக்கு மேல் கடல்நீர்தான். தட்டு அமிழும்போது அந்தச் சேறும் உள்ளே இழுக்கப்படுகிறது, நசுங்குகிறது, நீர் பிதுங்கி வெளியேறுகிறது. இது முதல் வகை.

இரண்டாவது வகை நீர் கனிமங்களுக்குள்ளேயே கட்டுண்டு கிடப்பது. ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம் ஏறத்தாழ 60 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இல்லைட் என்ற இன்னொரு களிமண் கனிமமாக மாறும்போது தன் அடுக்குகளுக்குள் வைத்திருந்த நீரை விட்டுவிடுகிறது. நுண்ணுயிர்களின் ஓடுகளால் ஆன ஓபல், குவார்ட்ஸாக மாறும்போதும் அப்படியே. இப்படிப் பிறக்கும் நீரில் உப்பு இல்லை. எனவே ஒரு துளையில் எடுத்த நீரில் குளோரைடு கடல்நீரைவிடக் குறைவாகவும், லித்தியம், போரான் போன்றவை கூடுதலாகவும் இருந்தால், அது அந்த இடத்து நீர் அல்ல, வெப்பம் மிகுந்த ஆழத்திலிருந்து பயணம் செய்து வந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான நீர் தன் ஊரைச் சொல்லிவிடுகிறது. பல கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட முடியாத நிலையில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கருவிகளைக் கடல் தரையிலேயே வைத்தால் போதாதா? துளை எதற்கு?

கடல் தரையிலும் வைக்கிறார்கள். தரையிலிருந்து கசியும் நீரை, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டத்தைக்கூட அளக்கும் கருவிகள் உண்டு. ஆனால் கசிவு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. சில மீட்டர் தள்ளி வைத்தால் முற்றிலும் வேறொரு கதை கிடைக்கும். மேலும், கடல் தரையில் இருக்கும் அழுத்தமானி தன் தலைக்கு மேலுள்ள கடல் முழுவதையும் சேர்த்தே அளக்கிறது. அலை ஏற்றம், நீரோட்டம், பருவநிலை எல்லாம் அதில் பதியும். பிளவுக்குள் நடக்கும் சின்ன மாற்றம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும்.

துளைக்குள் ஓர் அழுத்தமானியும் கடல் தரையில் இன்னொன்றுமாக வைத்தால், இரண்டின் பதிவுகளையும் ஒப்பிட்டுக் கடலின் பங்கைக் கழித்துவிடலாம். எஞ்சுவது பாறையின் குரல். 2,500 மீட்டர் நீருக்கு அடியில் அழுத்தம் சுமார் 25 மெகாபாஸ்கல். அங்கே ஒரு கிலோபாஸ்கல் மாற்றம் என்பது 25,000இல் ஒரு பங்கு. மூடிய துளையில் அதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

துளையை எப்படி மூடுகிறார்கள்? அதில் என்ன கடினம்?

திறந்த துளை பொய் சொல்லும். துளையிட்ட உடனே மேலேயுள்ள குளிர்ந்த கடல்நீர் உள்ளே பாயும். அல்லது உள்ளே அழுத்தமேறிய நீர் வெளியே பீறிடும். எப்படியானாலும் நாம் அளக்க வந்த இயல்பு நிலை அழிந்துவிடும். 1980களின் இறுதியில் இந்தச் சிக்கலுக்கு விடையாக ஒரு மூடியை வடிவமைத்தார்கள். இத்துறையில் எல்லோரும் அதைக் ‘கார்க்’ என்கிறார்கள். 1991இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹுவான் டி ஃபூக்கா முகட்டின் மிடில் வேலியில் முதல் இரண்டு கார்க்குகள் பொருத்தப்பட்டன. அது தட்டுகள் விலகும் இடம். மறு ஆண்டே அதே கரைக்கு அப்பாலுள்ள கஸ்காடியாவில், தட்டு அமிழும் மண்டலத்தில் அதே முறையைக் கையாண்டார்கள்.

அமைப்பு இதுதான். துளைக்குள் எஃகு உறைக்குழாய் இறங்கும். உறைக்குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமெண்ட். கண்காணிக்க வேண்டிய ஆழத்தில் மட்டும் குழாயில் சல்லடைத் துளைகள் இருக்கும், அல்லது குழாய் அங்கே முடிந்துவிடும். அதற்கு மேலே ஊதிப் பெருக்கக்கூடிய ரப்பர் அடைப்பு ஒன்று. உச்சியில், கடல் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிணற்றுத் தலை. அதில் வால்வுகளும் பதிவுக் கருவிகளும் இருக்கும். நீர்மூழ்கியோ தொலைவிலிருந்து இயக்கப்படும் ஊர்தியோ வந்து, தன் எந்திரக் கையால் வால்வைத் திருப்பி, சற்று நேரம் அழுத்தமானியைக் கடல்நீரோடு இணைக்கும். துளைக்குள்ளிருக்கும் மானியும் வெளியிலிருக்கும் மானியும் அப்போது ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவி நாளடைவில் விலகியிருக்கிறது என்று பொருள். அந்த விலகலைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள்.

கடினம் எல்லாம் ‘இறுக’ என்ற இடத்தில்தான். சிமெண்ட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். கசிவுள்ள துளை தரும் பதிவு பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும், அதுதான் ஆபத்து. ஆகவே எந்த ஆய்வறிக்கையைப் படித்தாலும், மூடி பிடித்திருக்கிறதா என்பதை எப்படிச் சோதித்தார்கள் என்ற பத்தியை நான் முதலில் தேடுவேன். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

நீர் ஓடும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஆற்றில் போடும் சுழலி இங்கே உதவாது. பல இடங்களில் நீர் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. அதனால் மறைமுக வழிகளையே நம்ப வேண்டியிருக்கிறது.

முதல் வழி வெப்பம். பூமியின் உள்ளே போகப் போகச் சூடு கூடும். ஆழத்திலிருந்து நீர் மேலேறினால் தன்னோடு சூட்டையும் சுமந்து வரும். வெப்பமானிகளை ஒரு கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டால், எந்த ஆழத்தில் வெப்பம் எதிர்பார்த்த கோட்டிலிருந்து விலகுகிறது என்று தெரியும். விலகும் இடத்தில் ஓட்டம் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: துளையிடும்போது செலுத்திய கடல்நீர் பாறையைக் குளிர்வித்துவிடும். அந்தக் குளிர்ச்சி ஆற மாதங்கள் ஆகும். அவசரப்பட்டால் நம் வேலையையே இயற்கை என்று எண்ணி எழுதிவிடுவோம்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. மின்கலமோ மோட்டாரோ அசையும் பாகமோ இல்லாத ஒரு பம்பு. பெட்டியின் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. அதன் ஒரு புறம் தூய நீர். மறுபுறம் உப்புக் கரைசல், அடியில் கரையாத உப்புக் கட்டிகளோடு. சவ்வூடு பரவலால் தூய நீர் உப்புப் பக்கத்துக்குப் போகும். கட்டிகள் கரைந்துகொண்டே இருப்பதால் கரைசலின் செறிவு குறையாது. எனவே ஓட்டமும் சீராக இருக்கும். தூய நீர்ப் பக்கத்தில் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப, அதோடு இணைத்த மெல்லிய குழாய் வழியாக வெளியிலிருந்து மாதிரி நீர் உறிஞ்சப்படும். உப்புக் கட்டி தீரும்வரை, ஆண்டுக்கணக்கில், இது நின்றுவிடாமல் நடக்கும். வெப்பநிலை மாறினால் வேகம் சற்று மாறும் என்பதால் பக்கத்திலேயே ஒரு வெப்பமானியும் வைப்பார்கள்.

குழாயை அருகில் பார்ப்போம். அதன் உள்விட்டம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். நீளமோ நூற்றுக்கணக்கான மீட்டர். சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். இவ்வளவு குறுகிய குழாயில் முன்னால் போன நீரும் பின்னால் வந்த நீரும் எளிதில் கலக்காது. எனவே நீரின் வரலாறு அப்படியே வரிசையாகக் குழாயில் உறைந்து நிற்கும். சுருளை மீட்டு வந்த பிறகு ஆய்வுக்கூடத்தில் அதை மீட்டர் மீட்டராக வெட்டி, ஒவ்வொரு துண்டிலிருக்கும் நீரையும் தனித்தனியே பகுப்பாய்வு செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் ஒரு மீட்டரில் பிடிப்பது 0.8 மில்லிலிட்டர். பம்பு நாளுக்கு அரை மில்லிலிட்டர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துண்டும் ஒன்றரை நாளின் பதிவு. 300 மீட்டர் சுருள் ஓராண்டுக்கும் மேலான நாட்குறிப்பு. நீரில் கரைந்த வாயுக்களை அளக்க வேண்டுமானால் பிளாஸ்டிக் குழாய் கூடாது, வாயு கசிந்துவிடும். அதற்குச் செம்புக் குழாய்; வெட்டும் இடத்தின் இரு பக்கமும் நசுக்கி அடைத்துவிடுவார்கள்.

இதே பம்பின் உப்புப் பக்கம் கரைசலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதையும் வீணாக்குவதில்லை. இயற்கையில் மிக அரிதாக உள்ள ஒரு பொருளை அடையாளப் பொருளாக, மாறாத வேகத்தில், துளைக்குள் சொட்டவிடுவதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். சற்றுத் தள்ளி, வெவ்வேறு திசைகளில் மாதிரி எடுக்கும் குழாய்களின் வாய்கள் இருக்கும். ஓட்டம் வேகமாக இருந்தால் அடையாளப் பொருள் நீர்த்துப்போகும். மெதுவாக இருந்தால் செறிவு கூடும். எந்த வாயில் அதிகம் வந்தது என்பதிலிருந்து திசையும், எவ்வளவு நீர்த்தது என்பதிலிருந்து வேகமும் கிடைத்துவிடும்.

மூன்றாவது வழி அழுத்தம். அதற்குத் தனிக் கேள்வியே வருகிறது.

அழுத்தத்தை அளந்தாலே ஓட்டம் தெரிந்துவிடாதா?

தெரியாது. அழுத்த வேறுபாடு ஓட்டத்தைத் தூண்டும் விசை மட்டுமே. எவ்வளவு நீர் ஓடும் என்பது பாறையின் ஊடுருவு திறனை, அதாவது நீரைத் தன் ஊடே விடும் தன்மையைப் பொறுத்தது, அதுவோ பல்லாயிரம் மடங்கு மாறுபடக்கூடியது. போதாததற்கு அது நிலையான எண்ணும் அல்ல. கரீபியனின் பார்படோஸ் அருகே 1994இல் இரண்டு துளைகளில் கார்க் பொருத்தினார்கள். தட்டுகளின் எல்லைப் பிளவில் அங்கே நடந்த சோதனைகளும் அளவீடுகளும் ஒன்றைக் காட்டின: நீரழுத்தம் கூடக் கூடப் பிளவின் ஊடுருவு திறனும் விரைவாகக் கூடுகிறது. அதாவது அழுத்தம் ஏறினால் விரிசல்கள் வாய்திறக்கும், நீர் ஓடும், அழுத்தம் இறங்கும், மீண்டும் மூடிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. பாறை நசுங்கினாலோ விரிந்தாலோ, ஒரு துளி நீர்கூட நகராமலே நுண்துளை அழுத்தம் மாறும். ஆகவே அழுத்தமானி உண்மையில் பாறையின் நசுங்கலையும் விரிதலையும் அளக்கும் ஒரு நுட்பமான திரிபுமானியாகவும் வேலை செய்கிறது. அது பெரிய வரம். ஆனால் அழுத்தம் மட்டும் கையிலிருக்கும்போது, பாறை நசுங்கியதா, நீர் வந்து சேர்ந்ததா என்று பிரித்தறிவது கடினம். வேதியியல் மாறியிருந்தால் நீர் வந்திருக்கிறது. மாறாதிருந்தால் பெரும்பாலும் நசுங்கல்தான். இரண்டையும் ஒரே துளையில் அளக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். செலவைக் குறைக்கிறோம் என்று ஒன்றை விட்டுவிட்டால் மற்றொன்றின் மதிப்பும் பாதியாகிவிடும்.

அலை ஏற்ற இறக்கத்தால் பதிவு கெட்டுவிடாதா?

கெடாது, உதவுகிறது. கடல் ஏறும்போது கூடும் சுமையில் ஒரு பங்கைப் பாறையின் திடப்பகுதியும் மறுபங்கை நுண்துளை நீரும் ஏற்கின்றன. நீருக்குப் போன பங்கு எவ்வளவு என்று பார்த்தால் பாறை எவ்வளவு இளக்கமானது என்று கணக்கிடலாம். தினமும் இலவசமாகக் கிடைக்கும் அளவுத்திருத்தம் இது.

எங்கெல்லாம் இத்தகைய துளைகள் இருக்கின்றன?

கஸ்காடியாவையும் பார்படோஸையும் மேலே சொல்லிவிட்டேன். ஜப்பானின் தென்கரைக்கு அப்பாலுள்ள நன்காய் அகழியில் (அகழி என்பது தட்டு அமிழத் தொடங்கும் நீண்ட கடலடிப் பள்ளம்) 2001இல் இரண்டு துளைகள் பல ஆழங்களில் அழுத்தத்தைப் பதியும் மேம்பட்ட மூடிகளோடு அமைக்கப்பட்டன. 2002இல் கோஸ்டாரிகாவுக்கு அப்பால் இரண்டு. அவற்றில்தான் சவ்வூடு பரவல் பம்புகள் தட்டு அமிழும் மண்டலத்தில் தங்கள் திறமையைக் காட்டின. பிறகு ஜப்பானின் ‘சிக்கியூ’ துளையிடும் கப்பல் நன்காயில் 2010, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் நிரந்தரக் கண்காணிப்பு நிலையங்களை நிறுவியது. நியூசிலாந்தின் வடதீவுக்குக் கிழக்கே, ஹிகுராங்கி மண்டலத்தில் 2018இல் இரண்டு நிலையங்கள் வந்தன. அவற்றில் ஒன்று பாப்பாக்கு என்ற பிளவையே ஊடுருவிச் செல்கிறது. சுமார் 2,600 மீட்டர் ஆழக் கடலில், தரைக்குக் கீழே 300 மீட்டர் அளவில் பிளவு வந்துவிடுவதால், நேரடியாக அதன் நீரை எடுக்கக் கிடைத்த அருமையான இடம் அது.

இதுவரை கண்டறிந்ததில் முக்கியமானது எது?

மெதுவான சறுக்கல்தான். சில நொடிகளில் முடியும் நிலநடுக்கத்தைப் போலன்றி, நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் தட்டுகள் ஓசையின்றி நகரும் நிகழ்வு அது. நிலத்திலுள்ள ஜி.பி.எஸ். கருவிகள் அதை நிலத்துக்கு அடியில் நடக்கும்போது காட்டும். அகழிக்குப் பக்கத்தில், கரையிலிருந்து வெகுதொலைவில் நடந்தால் அவற்றுக்குத் தெரியாது. ஆழிப்பேரலையைப் பெருக்குவது அந்தப் பகுதியின் சறுக்கல்தான் என்பதால் அங்கே கண் இல்லாமல் இருப்பது பெரிய குறை.

கோஸ்டாரிகாத் துளையில் 2003இல் இரு முறை அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்து மாறின. கரையில் ஜி.பி.எஸ். காட்டிய மெதுவான சறுக்கலோடு அவை தொடர்புபடுத்தப்பட்டன. கரையில் சறுக்கல் தெரிந்து சில வாரங்கள் கழித்தே துளையில் மாற்றம் தெரிந்தது; சறுக்கல் ஆழத்திலிருந்து அகழிவரை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரமாக அந்த இடைவெளியை விளக்கினார்கள். நன்காயில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள இரண்டு துளைகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் அழுத்தமானது. ஆறு ஆண்டுகளில் எட்டு முறை, 8 முதல் 15 மாதங்களுக்கு ஒருமுறை, அங்கே மெதுவான சறுக்கல் நடந்திருக்கிறது. சில தானாகவே நிகழ்ந்தவை. சில வேறு நிலநடுக்கங்கள் தூண்டியவை. தட்டுகள் அந்த இடத்தில் நகர வேண்டிய அளவில் 30 முதல் 55 விழுக்காடு வரை இவற்றிலேயே கழிந்துவிடுகிறது. கரையிலிருந்த எந்தக் கருவியும் சொல்லாத செய்தி இது. 2015இன் இறுதியில் நடந்த ஒரு சறுக்கல் பல வாரங்களில் அகழியை நோக்கிப் படிப்படியாக ஊர்ந்து சென்றதையும் இத்துளைகளின் பதிவுகள் 2025இல் வெளியான ஆய்வில் காட்டின. நீரழுத்தம் மிகுந்த பகுதியோடு அந்தப் பாதை ஒத்துப்போகிறது. பிளவின் இந்தப் பகுதி அதிர்வாக உடையாமல் ஊர்வதற்கு நீர்தான் காரணம் என்ற கருத்துக்கு இது வலுவான சான்று.

ஜப்பானின் 2011 தொஹோகு பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 50 மீட்டர் சறுக்கிய பிளவை, சுமார் 6,900 மீட்டர் ஆழக் கடலில் 2012இல் துளையிட்டு, 55 வெப்பமானிகளைக் கட்டிய கயிற்றை உள்ளே இறக்கினார்கள். 2013 ஏப்ரலில் அதை மீட்டார்கள். பிளவின் இடத்தில் எஞ்சியிருந்த வெப்பம் 0.31 டிகிரி மட்டுமே. உராய்வு அவ்வளவு குறைவாக இருந்திருக்கிறது என்பது அதன் பொருள். கயிறு உள்ளே இருந்த காலத்தில், 2012 டிசம்பர் 7 அன்று பெரிய நிலநடுக்கம் ஒன்று அருகில் நிகழ்ந்தது. அதன்பின் சில ஆழங்களில் வெப்பம் மாறியது. பிளவுகளின் வழியே நீர் பாய்ந்ததன் தடயம் அது. உராய்வை அறியப் போனவர்களுக்கு நீரோட்டமும் சேர்ந்து கிடைத்தது.

கருவிகளுக்கு என்னென்ன இடையூறுகள் வரும்?

நன்காய்க்கு மேலே குரோஷியோ நீரோட்டம் பலமாக ஓடுகிறது. கப்பலிலிருந்து தொங்கும் நீண்ட குழாயை அது தாக்கும்போது குழாயின் பின்புறம் சுழிகள் மாறி மாறி உண்டாகி, குழாய் முழுவதும் அதிரும். 2009இல் வெள்ளோட்டமாக இறக்கிய கருவித் தொகுதி இந்த அதிர்விலேயே சேதமடைந்தது. அடுத்த ஆண்டு குழாயின் நீளவாக்கில் கயிறுகளைக் கட்டி இறக்கினார்கள். சுழிகள் ஒழுங்காகச் சேர முடியாமல் அதிர்வு அடங்கியது. சாதாரணக் கயிறு. ஆனால் அதுதான் பல ஆண்டு உழைப்பைக் காப்பாற்றியது. மற்றபடி துரு, மின்கலம் தீர்வது, கனிமம் படிந்து மெல்லிய குழாய்கள் அடைபடுவது, துளை இடிந்து கருவி சிக்கிக்கொள்வது என எல்லாமே நடக்கக்கூடியவை.

தரவு எப்படிக் கரைக்கு வருகிறது?

முன்பெல்லாம் நீர்மூழ்கி போய்த்தான் எடுத்து வர வேண்டும். அதற்குக் கப்பல் வாய்ப்பு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது நன்காயின் நிலையங்கள் டோனெட் என்ற கடலடிக் கேபிள் வலையோடும், கஸ்காடியாவின் துளை ஒன்று கனடாவின் கடலடி வலையோடும் இணைக்கப்பட்டிருப்பதால் அழுத்தம் உடனுக்குடன் வருகிறது. நீரின் வேதியியல் மட்டும் இன்னும் சுருளை மீட்டு வந்து வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

துளையிடுவதே நிலநடுக்கத்தைத் தூண்டிவிடாதா?

நியாயமான அச்சம். டென்வரில் நடந்தது பெருமளவு நீரை நெடுங்காலம் அழுத்திச் செலுத்தியதால். இங்கே துளையின் விட்டம் சென்டிமீட்டர் கணக்கில். வேலை முடிந்ததும் மூடப்படுகிறது. பெருமளவு நீரை நெடுங்காலம் உள்ளே அழுத்திச் செலுத்துவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள பிளவை இது அசைக்காது.

அப்படியானால் பெரிய நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

இப்போது முடியாது. நாள், நேரம் குறித்துச் சொல்வதாக யாராவது இந்தத் தரவைக் காட்டினால் நம்ப வேண்டாம். மெதுவான சறுக்கல்கள் பல முறை வந்து எந்தப் பெரிய அதிர்வும் இல்லாமல் அடங்கியிருக்கின்றன. பிளவின் எந்தப் பகுதி பூட்டிக்கிடக்கிறது, எது ஊர்ந்து தன் இறுக்கத்தைக் கழித்துக்கொள்கிறது என்ற வரைபடத்தைத்தான் இவை தருகின்றன. நாளை எங்கே எவ்வளவு சறுக்க முடியும், அதனால் எழும் அலை எவ்வளவு உயரும் என்று மதிப்பிட அந்த வரைபடம் இன்றியமையாதது. வழக்கமான தாளத்திலிருந்து பிளவு விலகும் நாளில், அதைப் பார்க்கும் முதல் கண்ணாகவும் இந்தத் துளைகளே இருக்கும்.

பெரும் அதிர்வு பிறக்கும் ஆழம்வரை ஏன் துளையிடவில்லை?

முயன்றார்கள். நன்காயில் கடல் தரைக்குக் கீழே சுமார் 5,200 மீட்டரில் இருக்கும் தட்டு எல்லையைத் தொடுவதே இலக்கு. 2018–19இல் சிக்கியூ 3,262.5 மீட்டர் வரை போயிற்று. நொறுங்கிய பாறைகள் துளையை நிலைக்கவிடவில்லை. அந்த ஆழத்தை எட்டும்வரை, அதன் செய்தியை மேலேறி வரும் நீரிடமிருந்துதான் கேட்டறிய வேண்டும்.

சுமத்ராவுக்கு அப்பால் இப்படி ஒரு நிலையம் இருக்கிறதா?

இல்லை. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையைப் பெற்றெடுத்த அந்த மண்டலத்தில் 2016இல் ஒரு துளையிடும் பயணம் நடந்தது. அகழிக்குள் அமிழப்போகும் படிவுகளை, அமிழும் முன்பே துளையிட்டு எடுத்தார்கள். கண்காணிப்புக் கருவி எதையும் விட்டுவரவில்லை. ஆனால் கிடைத்த முடிவு நீரைப் பற்றியதுதான். அங்கே படிவு மிகத் தடிமனாக இருப்பதால் உள்ளே சூடு ஏறி, கனிமங்கள் அகழியை அடையும் முன்பே நீரை இழக்கத் தொடங்கிவிட்டிருந்தன. நீர் போன படிவு இறுகி வலுவாகிவிடும். வலுவான படிவு அகழியின் விளிம்புவரை பூட்டிக்கிடந்து ஒரேயடியாகச் சறுக்க முடியும். 2004இல் சறுக்கல் அவ்வளவு ஆழமற்ற இடம்வரை எட்டியதற்கு இது ஒரு விளக்கம். இந்த விளக்கத்தைச் சோதிக்க அகழிக்கு உட்புறத்தில் மூடிய துளை ஒன்றாவது வேண்டும்.

இனி என்ன?

2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சிக்கியூ மீண்டும் தொஹோகு பிளவுக்குப் போய்த் துளையிட்டு, வெப்பநிலைக் கண்காணிப்புக் கருவிகளை இறக்கியது. பெருநிலநடுக்கத்துக்குப் பின் பிளவில் நீர் எப்படி மாறியிருக்கிறது என்பதற்கு அவை விடை தரும் வாய்ப்பு உண்டு. அதே ஆண்டில் அமெரிக்காவின் ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ துளையிடும் கப்பல் பணியிலிருந்து விலக்கப்பட்டது. பார்படோஸ், கஸ்காடியா, கோஸ்டாரிகா, ஹிகுராங்கி என மேலே சொன்ன துளைகளில் பெரும்பாலானவை அந்தக் கப்பல் போட்டவை. இருக்கும் துளைகளைப் பராமரிக்கப் பெரிய துளையிடும் கப்பல் தேவையில்லை. தொலையியக்க ஊர்தியுள்ள சாதாரண ஆய்வுக்கப்பல் போதும். மின்கலத்தை மாற்றவும், சுருளை எடுத்துப் புதிய சுருளை வைக்கவும், வால்வைத் திருப்பி அழுத்தமானியைச் சரிபார்க்கவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போனால் போதும். புதிய துளைக்கான நிதி கிடைக்காத காலத்தில் இந்தப் பயணங்களை நிறுத்திவிடக் கூடாது. சறுக்கல் ஒன்று முடிந்து மறுசறுக்கல் வர ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். பெருநிலநடுக்கங்களின் இடைவெளியோ நூற்றாண்டுக் கணக்கு. பத்தாண்டுப் பதிவில் ஒரு சில மாதம் விடுபட்டாலும், நாம் தவறவிட்டது அந்தச் சில மாதங்களில்தான் நடந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.